ஏதும் இல்லாமலா பிடித்திருப்பார்கள்?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, நீரிழிவு நோயைப் பற்றி அரைமணி நேரம் பேசும்படிதான் கேட்டார். வைத்தியர்களை மேடைக்கு அழைப்பவர்கள் வழமையாக அதைத்தான் கேட்பார்கள். அதை வேறொரு நாள் பேசுகிறேன். நூறு வருடக் கதையை எண்ணிப் பார்க்கும் நாளில், இந்தத் தெமட்டகொடையில் வளர்ந்த நாங்கள் பேசாமல் விட்ட ஒன்றைப் பேச அனுமதி கேட்டேன். "டொக்டர், அரசியல் ஆகிவிடாதா?" என்று கேட்டார். "என் வகுப்பறையில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்" என்றேன். சம்மதித்தார். அவருக்கு என் நன்றி.

1996ஆம் ஆண்டு. நான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் தங்கியிருந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். கணிதத்தில் கெட்டிக்காரி. என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்த ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. கொழும்பு முழுவதும் சுற்றிவளைப்பு நடந்தது. ஒரு நாள் இரவு அவளுடைய அண்ணாவைக் கொண்டு போய்விட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுப்புக்காவல்.

நான் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா கெட்டவர் அல்லர். ஏழை எளியவர் வாசலுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்பாதவர். அவர் சொன்னது ஒரே வசனம். "ஏதும் இல்லாமலா மகள் புடிச்சிருப்பாங்க? நீ கொஞ்சம் தள்ளியே இரு."

திங்கட்கிழமை நான் வேறு வாங்கில் போய் அமர்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அண்ணா 14 மாதங்களுக்குப் பின் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுதலையானார். அதற்குள் நாங்கள் பரீட்சை எழுதி முடித்துப் பிரிந்துவிட்டோம்.

அந்த வசனத்தை நான் இரண்டாவது தடவை கேட்டபோது வைத்தியராக இருந்தேன். தூர ஊர் ஒன்றில் ஆரம்பகால நியமனம். இரவு கடமை. கைவிலங்கோடு ஒரு இளைஞனைப் பொலிஸார் கொண்டு வந்தார்கள். வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை. உத்தியோகத்தர் அவன் தோளோடு தோள் ஒட்டி நின்றார். முதுகில் காயங்கள் இருந்தன. "எப்படி நடந்தது?" என்று கேட்டேன். அவன் உத்தியோகத்தரைப் பார்த்துவிட்டு, "விழுந்திட்டன்" என்றான். விழுந்தவனுக்கு முதுகில் ஒன்றுக்கொன்று சமாந்தரமான கோடுகள் வராது. இது எனக்குத் தெரியும். ஆனாலும், "விழுந்ததாகக் கூறுகிறார்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். "நீங்கள் கொஞ்சம் வெளியில் நில்லுங்கள்" என்று உத்தியோகத்தரிடம் சொல்ல எனக்கு ஐந்து வினாடி போதுமாக இருந்தது. நான் சொல்லவில்லை. தேநீர் அறையில் ஒருவர் சிங்களத்தில் அதே வசனத்தைச் சொன்னார்: சும்மாவா பிடிப்பார்கள்?

மூன்றாவது தடவை அது எங்கள் ஒழுங்கைக்கே வந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். 260க்கும் அதிகமான உயிர்கள் போயின. அன்று பிற்பகல், இங்கே மஹவில கார்டன்ஸில் ஒரு வீட்டைச் சோதிக்கச் சென்ற பொலிஸார் மூவர் குண்டு வெடித்து உயிரிழந்தார்கள். அவர்கள் தங்கள் கடமையைச் செய்யப் போனவர்கள். நான் இன்று பேசும் எதுவும் அவர்களையோ, ஆலயங்களில் இறந்த பிள்ளைகளையோ மறந்து பேசுவது அல்ல. அன்று நான் கடமையில் இருந்தேன். பார்த்ததை இந்த மேடையில் விவரிக்க மாட்டேன்.

அதற்குப் பின் வந்த வாரங்களை இங்கே பலரும் அறிவீர்கள். வாப்பாவின் அரபுக் கிதாபுகளை உம்மா பழைய துணியில் சுற்றினார். குர்பானுக்கு வைத்திருந்த கத்திகளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். எங்கள் ஒழுங்கையில் ஒரு இளைஞரைக் கொண்டு போனார்கள். அந்த வசனம் இம்முறை எங்களைப் பற்றிச் சொல்லப்பட்டது.

ஒரு இரவு கனடாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. 1996இல் நான் தள்ளிப்போய் இருந்த அந்தப் பிள்ளை. எப்படியோ என் இலக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். "நீங்கள் எல்லாரும் சுகமா இருக்கிறியளே? வீட்டில ஆரையும் கொண்டு போகேல்லையே?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த உரைக்குக் காரணம் அந்தத் தொலைபேசி அழைப்புத்தான்.

அன்புக்குரியவர்களே, நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் அந்த இரவுக்குப் பின் இந்தச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். வாசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அதன் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு என்று கொண்டு வந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். 2025இல் அதற்கு 46 ஆண்டுகள் ஆகின.

சாதாரணச் சட்டத்தில் பொலிஸார் ஒருவரைக் கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டு வர வேண்டும். இந்தச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவில் கையொப்பமிட்டால் 18 மாதங்கள் வரை வழக்கில்லாமல் வைத்திருக்கலாம். 2022இல் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள்.

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதலை ஒருவருக்கு எதிராகச் சான்றாக்க முடியாது. பிரித்தானிய ஆட்சியாளரே பொலிஸ் நிலையத்து ஒப்புதலை அந்த அளவுக்குத்தான் நம்பினார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகும். அது அடித்து வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அடிவாங்கியவருடையது.

இங்கேதான் ஒரு வைத்தியராக நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. அடிபட்ட இடம் முதலில் சிவந்து கன்றும், பின் நீலமாகும், பச்சையாகும், மஞ்சளாகும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். முதல் நாள் பார்க்கும் வைத்தியருக்குத் தோல் எல்லாவற்றையும் சொல்லும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பவருக்குத் தோலில் ஒன்றும் இருக்காது. தழும்பு இருந்தாலும், அது எந்தத் திகதியில் யாரால் வந்தது என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் 24 மணித்தியாலம் என்பது ஏதோ சட்டப் புத்தகத்து எண் என்று நினைக்காதீர்கள். ஒரு வெளியாள் அந்த மனிதனின் முகத்தையும் முதுகையும் பார்க்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தை நீட்டிவிட்டு, "நீயே நிரூபி" என்று சொல்வது, பரிசோதனை மாதிரியை வீசிவிட்டு முடிவைக் கேட்பது போன்றது.

சிங்கராசா வழக்கை எடுத்துக் கொள்ளுங்கள். 1993இல் மட்டக்களப்பில் கைதானவர். அதிகம் படிக்காத கூலித் தொழிலாளி. அவருக்கு எதிரான சான்று சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம். தனக்கு அந்த மொழி தெரியாது, பலவந்தமாகவே பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள் என்று அவர் கூறினார். முதுகில் தழும்புகளும் கண்ணில் காயமும் இருந்ததாக வைத்திய அறிக்கை இருந்தது. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் அவர். 1995இல் 50 ஆண்டுகள் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கூறியது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்று நடவடிக்கை எடுக்க மறுத்தது.

2020இல் மொழி பக்கம் மாறியது. அஹ்னாஃப் ஜெஸீம் என்ற இளம் ஆசிரியரின் "நவரசம்" கவிதை நூலைத் தமிழ் தெரியாதவர்கள் தீவிரவாதம் என்றார்கள். அந்த மே மாதம் கைதானவருக்கு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே 2020 ஏப்ரலில் கைதான சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்குப் பிணை கிடைத்தது 2022 பெப்ரவரியில். கிட்டத்தட்ட 22 மாதம். சட்டம் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால், கொட்டாஞ்சேனை அறையில் இருந்த ஒரு இளைஞருக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் தொழிலிலிருந்தும் ஒன்று. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாஃபி, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையில் முதற்பக்கச் செய்தி வந்தது. கைது செய்தார்கள். சத்திரசிகிச்சை அறைக்குள் ஒருமுறையாவது நின்ற எவருக்கும் தெரியும்: அங்கே சத்திரசிகிச்சையாளர் தனியாக இருப்பதில்லை. மயக்கமருந்து வைத்தியர், உதவி வைத்தியர், தாதியர் எல்லோர் கண்ணும் அதே இடத்தில்தான். குற்றப் புலனாய்வுத் திணைக்களமே சான்று இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் பிணையில் வந்தார். பின்னர் தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கும் அதிகமான ரூபாவை, 2022 நெருக்கடியில் நாட்டுக்கு மருந்து வாங்கவென்று கொடுத்தார். அவருக்கு எதிராக முதலில் பேசியவர்களில் வைத்தியர்களும் இருந்தார்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பாதுகாப்பு வேண்டாமா? குண்டு வைப்பவனுக்கு உரிமையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஈஸ்டர் ஞாயிறு காலையில் இந்தச் சட்டம் 40 வருடமாக அமுலில் இருந்தது. எல்லா அதிகாரமும் கையில் இருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. தங்கள் ஊரில் நடப்பதைப் பற்றி முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தார்கள். எவரும் அசையவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதைத்தான் தீர்ப்பாகச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், உயர் அதிகாரிகள் சிலரும் செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த 260 பேரும் அதிகாரம் போதாமல் சாகவில்லை. இருந்த அதிகாரத்துக்கு யாரும் பொறுப்பாக நடக்காததால் இறந்தார்கள். அதற்குப் பின் என்ன நடந்தது? கப்பலின் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்த ஒரு பெண்ணை, அது தர்மச் சக்கரம் என்று ஹசலகவில் கைது செய்தார்கள். தவறான ஒருவரைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், சரியான ஒருவரைத் தேடாத நாள்.

பேஸ்லைன் வீதியால் பொரளைப் பக்கம் போகும்போது வெலிக்கடைச் சிறைச்சாலை மதிலைத் தினமும் கடக்கிறோம். 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் அந்த மதிலுக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கத்தின் காவலில் இருந்தவர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு முடியாமல் இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் காந்தியம் அமைப்பின் டொக்டர் இராஜசுந்தரம். அகதிகளுக்காக வேலை செய்த வைத்தியர். எவரும் தண்டிக்கப்படவில்லை. நம் பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆட்சி மாறினால் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் நம்புகிறோம். 1980களில் இந்தச் சட்டம் தமிழருக்கு என்றார்கள். 2019இல் முஸ்லிம்களுக்கு வந்தது. 2022இல் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பிடித்தார்கள். 2023 ஜனவரி இறுதியில்தான் நீதவான் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார். நீக்குவோம் என்று வாக்களித்து வந்த இன்றைய ஆட்சியிலும், 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது இளைஞர் ஒருவர் இதே சட்டத்தில் உள்ளே போனார். ஆகவே, அரசாங்கம் நல்லதா கெட்டதா என்பதோடு நம் கேள்வி முடியக்கூடாது. அதன் கையைப் பார்க்க வெளியில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

வைத்தியசாலையில் நாங்கள் அப்படித்தான் வேலை செய்கிறோம். நோயாளிக்கு இரத்தம் ஏற்றும் முன் இருவர் பெயரையும் இலக்கத்தையும் சரிபார்ப்போம். சத்திரசிகிச்சை முடிந்ததும் பஞ்சுத் துணிகளை எண்ணுவோம். என்னை எண்ணச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், அந்த மரணம் ஒவ்வொன்றும் விசாரித்துப் பார்க்கப்படுகிறது. எங்கே தவறியது என்று குழுவாக இருந்து ஆராய்கிறோம். நம் நாட்டில் பிரசவ மரணம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தாய்மார் எங்களை நம்பி வருவது, எங்களை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதால்தான். அரசாங்கமும் அப்படித்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும்.

2022 திருத்தத்தில் சில நல்ல விடயங்கள் வந்தன. நீதவான் தடுப்புக்காவல் இடத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். சித்திரவதை நடந்ததாகத் தோன்றினால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பலாம். வரவேற்கிறேன். ஆனால் 16ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

தங்கைமாரே, இதைக் குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ ஒருவரைக் கொண்டு போனால், என்ன காரணம், எந்த நிலையம், எந்த அதிகாரி, எத்தனை மணி என்று கேட்டு எழுதி வையுங்கள். காரணத்தை அறியும் உரிமை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. இந்தச் சட்டத்தில் செய்யும் கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொடுக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. வைத்தியராகப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கைதியைக் கொண்டு வந்தால், உத்தியோகத்தரை மரியாதையாக வெளியே நிற்கச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்த முதல் இளைஞனுக்கு அது உதவாது.

வைத்தியராகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் நானாவையோ அண்ணாவையோ ஐயாவையோ கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டால், அவர் குற்றவாளியா இல்லையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அது நீதிமன்றத்தின் வேலை. நீங்கள் அவளுடைய வாங்கிலேயே இருங்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியைக் கொடுங்கள்.

அந்தக் கனடாத் தோழியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு. நீ பிறகு கணிதத்தில என்ன எடுத்தனீ?" என்று கேட்டுச் சிரித்தாள். இந்த விழா மலரை அவளுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் பாடசாலை இன்னும் நூறாண்டு தழைக்க வேண்டும் என்று பிரார்த்தித்து விடைபெறுகிறேன்.